அங்க அடையாளம்

சேலம், செவ்வாய்ப்பேட்டை
8-6-1938

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் தேறிவிட்டதை அப்பா சொல்லியிருப்பார். கணக்கில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். காலேஜில் இண்டர்மீடியட் வகுப்புக்கு அப்ளிகேஷன் கொடுத்தாயிற்று, இடமும் கிடைத்தாயிற்று என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கலாம் என்றிருந்தேன். அப்படித் தொடங்க முடியவில்லை.

நேற்றுக் காலேஜ் ஆபீசில் எங்களைப் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினார்கள். குமாஸ்தா ஒவ்வொருவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் விரித்து, பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாவற்றையும் சரிபார்த்தார். என் முறை வந்தது. கந்தவேல் என்று கூப்பிட்டார். ஆமாங்க என்றேன். பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி, செத்துப்போன அண்ணன் பெயர் என் வாயில் தானாக வருகிறது. முதல் அடையாளம், கழுத்தில் மச்சம். அது அண்ணனைப் போலவே எனக்கும் இருக்கிறது. இரண்டாவது அடையாளம், வலது முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்பு. படித்துவிட்டுச் சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார்.

நான் ஏற்றினேன் அக்கா. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இல்லாத தழும்பு இருக்கும் என்று நம்பி நானும் குனிந்து பார்த்தேன். கை வெறுமையாக இருந்தது. அவர் இடது கையையும் திருப்பிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, "யாரோட புத்தகம் தம்பி இது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜூலை நாலாம் தேதி வரை இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குள் இந்தப் புத்தகத்துக்கு உரியவன் நான்தான் என்று நம் ஊர் முன்சீப்பிடமிருந்து சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

அண்ணன் பெயரில் என்னைச் சேர்த்துவிட்டது அப்பாவின் வேலைதானே? நேரில் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீ கேள். அம்மா காதில் விழாமல் கேள்.

உன் தம்பி,
செங்கோடன்


காட்டுப்பாளையம்
வெகுதானிய வருஷம் வைகாசி 30

தம்பி செங்கோடனுக்கு அக்கா நல்லம்மாள் எழுதிக்கொண்டது.

பாப்பாவுக்குப் பல் முளைத்து என்னைக் கடித்தும் ஆயிற்று. நல்ல வேளையாகக் கவரில் எழுதினாய். கார்டில் எழுதியிருந்தால் தபால்காரர் வழி நெடுகப் படித்துக்கொண்டே வந்திருப்பார். படித்த பிள்ளைக்கு அந்த அளவாவது புத்தி இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை மூன்று மைல் நடந்து நம் வீட்டுக்குப் போனேன். அப்பா அன்றைக்கே முன்சீப் பெரியசாமியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். கிளறிக் கிளறிக் கேட்ட பிறகுதான் சொன்னார். முன்சீப் ஜனன மரணப் புத்தகத்தை எடுத்து விரித்திருக்கிறார். கந்தவேல், வயது ஆறு, வாந்திபேதி என்று அதில் பளிச்சென்று இருக்கிறதாம். அதைக் காட்டி அவர் சொன்னாராம்: "காளியண்ணா, இந்தப் புஸ்தகப்படி படிச்சவன் செத்துப் போயிட்டான். உசுரோட இருக்கறவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலை. நான் என்னன்னு எழுதிக் குடுக்கட்டும்?"

அம்மாவிடம் கடலை விதை சரியில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். பெரியவன் போனதிலிருந்து அம்மா முருகன் கோயில் பக்கம்கூடப் போகவில்லை. நீ பத்து வருஷமாக அவன் பெயரில் படிக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. உன் மார்க்கு அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டவள் அவள். அது அப்படியே இருக்கட்டும்.

யார் சேர்த்தார்கள் என்று கேட்டிருந்தாய். வாத்தியார் செய்தது என்று வைத்துக்கொள். ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்தால் சர்க்கார் உதவியை நிறுத்திவிடும். அதனால் அவன் போன பிறகும் பெயரை அடிக்காமல் தினமும் ஆஜர் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் நீ போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாய். அவன் சேர்ந்தபோது எழுதிய தழும்பை உன் கையைப் பார்க்காமலே எல்லாரும் பெயர்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதற்குமேல் கிளறாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
நல்லம்மாள்


சேலம்
16-6-1938

அக்காவுக்கு,

பக்கத்து அறையில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்லி அவரிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் புத்தகம் செல்லாது, பரீட்சையும் செல்லாது என்றார். அந்தப் பையனின் சொந்த வயது என்ன என்று கேட்டார். பதினைந்து என்றேன். சிரித்துவிட்டு, அவனை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல் என்றார்.

இந்த அறையில் இரண்டு கயிற்றுக் கட்டில்கள். ஒன்றில் நான் படுக்கிறேன். மற்றது காலி. வீட்டுக்காரர் கந்தவேலு என்று கூப்பிட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் நான் முதலில் அந்தக் காலிக் கட்டிலைத் திரும்பிப் பார்க்கிறேன். இத்தனை நாள் இப்படிப் பார்த்ததில்லை. அந்தக் குமாஸ்தா என் கையைத் திருப்பிப் பார்த்த நாளிலிருந்து இப்படி இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியதில் ஒன்று இடிக்கிறது. "அப்புறம் நீ போய் உட்கார்ந்தாய்" என்கிறாய். நாலரை வயதுப் பிள்ளை தானாகவா போய் உட்காரும்? அண்ணன் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் ஒரு நாள் ஞாபகம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு சட்டை போட்டிருந்தேன். எதிரில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். என் கையைப் பிடித்திருந்த கை வியர்த்திருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் சொல்லு என்று யாரோ காதில் சொன்னார்கள். அப்பாவின் கை அவ்வளவு சின்னதாக இருக்காது. அது யார் கை அக்கா?

செங்கோடன்


காட்டுப்பாளையம்
ஆனி 6

தம்பிக்கு,

அது என் கைதான்.

எனக்கு அப்போது பத்து வயது. புரட்டாசியில் ஊரெல்லாம் வாந்திபேதி. அப்பா வைத்தியரைத் தேடிப் போயிருந்தார். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போனாள். போகும்போது என்னைப் பெரியவன் பக்கத்தில் உட்கார வைத்து, "தண்ணி மட்டும் குடுத்தராத சாமி, குடுத்தா இன்னும் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அவன் கேட்டான். ஒரே ஒரு முழுங்கு என்று கேட்டான். சொம்பு என் மடியிலேயே இருந்தது. நான் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு, அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான். வாந்திபேதிக்கு உப்புத் தண்ணீரைத்தான் டாக்டர்கள் உடம்பில் ஏற்றுகிறார்கள் என்று போன வருஷம் உன் மச்சான் பேப்பரில் படித்துக் காட்டினார். நான் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அவன் போன பிறகு நான் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் தினமும் அவன் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுத் தானே ஆஜர் போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. நாலு மாதம் அதைக் கேட்டேன். மாசியில் இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. தலை எண்ணுவாரே, யாரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது என்று வாத்தியார் தவித்தார். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுந்து, "எங்க சின்னத் தம்பியைக் கூட்டிட்டு வாரேனுங்க" என்றேன். பெரியவன் சட்டையை எடுத்து உனக்குப் போட்டுவிட்டேன். பெயரைக் கூப்பிட்டார்கள். நீ உள்ளேன் ஐயா என்றாய். அன்றைக்குத்தான் எனக்குப் பசி எடுத்தது.

அதற்குப் பிறகு வாத்தியார் உன்னை விடவில்லை. ஜூனில் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் உன்னை நிறுத்தவில்லை. அவருக்கும் அது வேண்டியிருந்ததோ என்னவோ.

இப்போது அவர் ஒரு வழி சொல்கிறார். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பெரியவனுக்கு மஞ்சள்காமாலைக்குச் சூடு போட்ட அர்த்தநாரி வைத்தியர் இன்னும் இருக்கிறார். அதே இடத்தில் அதே கம்பியால் உனக்கும் போட்டுவிட்டால், பச்சிலை வைத்து நாலாம் தேதிக்குள் காய வைத்துவிடலாமாம். பிள்ளைகளுக்குச் சூடு போடுவது நம் பக்கத்தில் இல்லாததா என்கிறார். உன்னை வரச் சொல்லி எழுதச் சொன்னார். நான் எழுதுவது வேறு. வராதே சாமி. காலேஜ் போனால் போகட்டும். அவன் பெயரை உனக்குக் கொடுத்தது என் தப்பு. உன் உடம்பை நீ அவனுக்குக் கொடுக்காதே.

நல்லம்மாள்


சேலம்
22-6-1938

அக்காவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம். தண்ணீருக்காக இல்லை. பத்து வயதில் நீ என்ன செய்வாய்? சட்டைக்காகத்தான் கோபம்.

ஆனால் ஒன்று சொல். ராத்திரி பகலாக விளக்கைத் துடைத்துத் துடைத்துப் படித்தது யார்? கணக்கில் முதலாக வந்தது யார்? செத்துப் போனவனா? எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் என் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு தழும்பு குறைகிறது என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். வேறு எதுவும் இவ்வளவு வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் சங்ககிரி வந்து இறங்குகிறேன். மறுநாள் வைத்தியர் வரட்டும். அம்மாவை இரண்டு நாள் உன் வீட்டில் வைத்துக்கொள். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

செங்கோடன்


காட்டுப்பாளையம்
ஆனி 23

தம்பி செங்கோடனுக்கு,

இடம் கிடைத்தது, ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டேன் என்று நீ போட்ட கார்டு வந்தது. அப்பா அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சந்தோஷப்பட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவை ஒரு நாளுக்கு மேல் என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று விடியுமுன் கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடி வந்தேன். வந்தால் நீ வாசலில் சூட்டுக் கையில் கட்டிய துணியை அவிழ்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறாய். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அலறுவாள் என்றுதான் நினைத்தேன். அலறவில்லை. "கந்தவேலு" என்று கூப்பிட்டாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு நம் வாசலில் அந்தப் பெயர் கேட்டது. நீ திரும்பி, "ஏனுங்கம்மா" என்றாய். ஏன் சொன்னாய்? சோறு பிசைந்து ஊட்டினாள், நீ வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாய். என்னை ஏறெடுத்துப் பார்க்காமல் ரயிலுக்குப் போனாய்.

நீ போன பிறகு நடப்பதைச் சொல்கிறேன். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பெரியவன் காயிதம் போட்டானா என்று தபால்காரரை மறித்துக் கேட்கிறாள். அது செங்கோடன், சூடு இப்போது போட்டது என்று அப்பா உடைத்துச் சொல்லிவிட்டார். "உங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க" என்று சிரித்தாளாம். பெரியவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று நான் போய், "அப்படின்னா செங்கோடன் எங்கம்மா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவனைப் பத்தி இந்த ஊட்டுல பேசாத" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் நீயே உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போ.

நல்லம்மாள்


சேலம், ஹாஸ்டல்
13-7-1938

அக்காவுக்கு,

இனிமேல் கவர் மேல் கந்தவேல் என்றே எழுது. இதுவரை அறை வீட்டுக்காரர் பெயருக்கு எழுதினாய், தொல்லை இல்லாமல் இருந்தது. செங்கோடன் என்று இங்கே யாருமில்லை என்று உன் கடிதத்தைத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். அது என் தம்பிக்கு வந்தது, நான் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். சொன்ன பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் பதில் சொன்னாய் என்று கேட்கிறாய். அம்மா எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் என்னைப் பார்க்கும்போது என் பின்னால் இன்னும் யாரோ வரவேண்டியிருப்பது போலப் பார்ப்பாள். நானும் சின்ன வயதில் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தாள். கூப்பிட்டது என்னை இல்லை என்று தெரிந்துதான் பதில் சொன்னேன். இன்னொரு தரம் கூப்பிட்டாலும் சொல்வேன். என்னைத் திட்டாதே அக்கா.

நாலாம் தேதி குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டு, முன்சீப் சர்ட்டிபிகேட்டைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார். மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருந்தது. இப்போது உள்ளே சீழ் வைத்திருக்கிறது. எழுதும்போது விரல் வரைக்கும் இழுக்கிறது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறது. டாக்டரிடம் காட்டினால் எப்போது சுட்டது என்று கேட்பார், அதனால் காட்டவில்லை. அர்த்தநாரி வைத்தியர் கொடுத்த பச்சிலையையே வைத்துக் கட்டிக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே. பாடமெல்லாம் நன்றாகப் புரிகிறது.

இப்படிக்கு,
உன் தம்பி


காட்டுப்பாளையம்
ஆடி 13

சாமி,

நேற்று ஆடி அமாவாசை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் பெரியவனுக்கு அம்மா இலை போடுவது உனக்குத் தெரியுமே. பெரியவன் காலேஜில் இருக்கிறான் என்கிறவள் இந்த வருஷம் எங்கே இலை போடப்போகிறாள் என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் குளித்துவிட்டு வந்து இலை அறுத்து வந்தாள். எனக்கு உயிர் வந்தது. புத்தி தெளிந்துவிட்டது என்று நினைத்து நானே இலையைக் கழுவிக் கொடுத்தேன்.

அவனுக்கு எப்போதும் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடுவாள். நேற்றுச் சுடவில்லை. உனக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் போட்ட சோறு ஆக்கி, நெய் ஊற்றி இலையில் வைத்தாள். மதில் மேல் இலையை வைத்துவிட்டு அவள் கூப்பிட்டாள். "செங்கோடா, வந்து சாப்புடு சாமி. உசுரோட இருந்தப்ப உன்னைய நான் ஒரு நாளும் நல்லாப் பாக்கலையே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். செங்கோடன் சேலத்தில் இருக்கிறான், செத்தது கந்தவேலு, தண்ணீர் கேட்டான், நான் கொடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுகையை நிறுத்தி என் தலையைத் தடவினாள். "தெரியும் சாமி. குடுக்காதேன்னு சொன்னவ நான்தான" என்றாள். அதைச் சொன்ன முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. சொல்லிவிட்டு மறுபடி இலைப் பக்கம் திரும்பி உன்னைக் கூப்பிட்டாள்.

மற்ற வருஷங்களில் காகம் வர நேரமாகும். நாம் பசியோடு காத்துக்கொண்டிருப்போம். நேற்று அவள் கூப்பிட்டு வாயை மூடவில்லை, வந்துவிட்டது. கல்லை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் இலையில் வைத்த சோற்றை அது தின்றது.

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைசிக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், அடியில் பெயர் எழுதவில்லை. அதைக் காட்டி எல்லாவற்றையும் உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன். இதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஹாஸ்டலில் யாரைக் கேட்பது என்று கேட்டார். கந்தவேல் என்று கேளுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவரோடு உடனே டாக்டரிடம் போய்க் கையைக் காட்டு. எப்போது சுட்டது என்று கேட்டால் உள்ளதைச் சொல். காலேஜ் போனால் போகட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இதைப் படித்தவுடன் இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் உன் பெயரை எழுதி மச்சானிடம் கொடுத்துவிடு. விரல் வரைக்கும் இழுத்தால் இடது கையால் கிறுக்கு. வேறு எதுவும் எழுத வேண்டாம். அம்மாவுக்குக் காட்ட இல்லை தம்பி. எனக்கு வேண்டும்.

நல்லம்மாள்